பம்ப்செட் ரூமில் காய்ந்த சம்பங்கிக் கிழங்கு

நாரணாபுரத்தில் இப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். முருகம்மாள் போலீஸ்காரம்மாவின் கண் முன்னாலேயே ஒரு வெடியை வாயில் போட்டுக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டாளாம். விழுங்கிய கையோடு ஒரு சொம்பு தண்ணீரும் குடித்தாளாம். அந்தத் தண்ணீரில் மருந்து நமுத்துப் போனதால்தான் ஊர் பிழைத்ததாம். இந்தப் பேச்சு சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வெடி மூன்று வெடியாகியிருந்தது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர், அவள் ஏப்பம் விட்டால் புகை வருகிறது என்று சத்தியம் பண்ணினாராம். அவர் முருகம்மாளைப் பார்த்ததே கிடையாது. பார்த்திருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. மூடவும் வேண்டாம், அப்புறம் பொழுது எப்படிப் போகும்? ஆனால் உள்ளபடி நடந்தது இந்தப் புளுகை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரியானது. புகை, ஏப்பம் எதுவும் சேர்க்காமல் அதை அப்படியே சொன்னாலே போதும்.

முருகம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருசம் பட்டாசுக் கம்பெனியில் போயிருக்கிறது. குண்டுவெடிக்குச் சணல் சுற்றுகிற வேலை. ஆள் ஒல்லி, பேச்சு கட்டை, சிரிப்பு வருசத்துக்கு ஒருமுறை, அதுவும் பொங்கல் போனஸ் அன்றைக்கு. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அது தனிப் பிறவி. கண்ணை மூடிக்கொண்டு உருட்டியே, இது ஒரு சுற்று குறைச்சல், இது ஈரம், இது நேற்றைய லோடு என்று சொல்லிவிடுவாள். போர்மேன்கள் மாறினார்கள், முதலாளியின் மகன் முதலாளி ஆனான், அவள் கை மட்டும் மாறவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். குடத்தில் மொண்டு சொம்பை வாய்க்குக் கொண்டுபோனாள். சொம்பு வாய்க்கு வந்து சேர்ந்தபோது எதிரே இருந்த ரூமில் சுவர் இல்லை. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் இல்லை. சத்தம் கேட்டதா என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். கேட்டதாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. இடது காதில் குக்கர் விசில் மாதிரி ஒன்று அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கும் நிற்கவில்லை; அந்தக் காதில் வேறு எதுவும் கேட்பதும் இல்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருசம் வேலைக்குப் போனாள். பிழைப்பு வேண்டுமே. அப்புறம் ஒரு சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது டிரைவர் பலவேசத்திடம், "நாளைக்கு என் வீட்டு முன்னாடி ஆரன் அடிக்காதலே. நான் வரமாட்டேன்" என்றாள். பத்தொன்பது வருசமாக அவளை ஏற்றி இறக்கிய வண்டி அது. பலவேசம் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் பழக்க தோசத்தில் ஆரன் அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போனான்.

வேலையை விட்டதும் அவள் நேரே போய் நின்றது சிவகாசியில் பூக்கடை வைத்திருக்கும் சொர்ணலட்சுமியிடம். சொர்ணலட்சுமி அப்போது மாலை கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று சம்பங்கி குவிந்து கிடந்தது.

"இது எங்கன வெளையுது?"

"நெலக்கோட்டப் பக்கமிருந்து வருது மதினி. கெளங்கு ஊனணும். ஒருக்க ஊனுனா மூணு வருசம் பூக்கும். கல்யாணத்துக்கும் இதான், எளவுக்கும் இதான்."

"சத்தம் போடுமா?"

சொர்ணலட்சுமி நாரைக் கடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "பூவா? பூ எங்கயாவது சத்தம் போடுமா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா ஒங்களுக்கு?"

"அப்ப அதான் எனக்கு வேணும்" என்றாள் முருகம்மாள்.

கிழங்கு ஊன்ற நிலம் வேண்டும். ஊருக்கு மேற்கே, நிலக்காரர் பெத்தணனுக்குப் பத்து சென்ட் துண்டு ஒன்று, கிணறும் தொட்டியும் பம்ப்செட் ரூமுமாக, சும்மா கிடந்தது. முருகம்மாளின் அப்பனும் ஆத்தாளும் பெத்தணனின் அப்பா காலத்தில் அந்தக் காட்டில்தான் களை எடுத்தார்கள். அந்த வீட்டு மகள் இன்றைக்குக் குத்தகை கேட்டு வந்து நிற்கிறாள், அதுவும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தரச் சொல்கிறாள் என்றதும் பெத்தணனுக்குக் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது.

"கூலிக்கு வர்றியா, இல்ல குத்தகைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"குத்தகைக்குத்தான் மொதலாளி. காது எனக்குத்தான கேக்காது, ஒங்களுக்குமா?"

பெத்தணன் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயத்துக்குக் காரணமும் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் யாருக்கோ வாடகைக்கு விட்ட கொட்டகையில் திருட்டுத்தனமாக வெடி சுற்றி, அது ஒரு நாள் வெடித்து, மொத்த நிலத்துக்கும் சீல் வைத்துவிட்டார்கள். இரண்டு வருசமாக அந்த மனுசன் சொந்த நிலத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார். கோயில் யானையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்.

ஆகவே பெத்தணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கிணற்று மேட்டில் நின்று, பம்ப்செட் சாவியை நீட்டியபடி சொன்னார்:

"பூவு போடு, பூசணி போடு, என்னமும் போடு. பட்டாசுச் சாமான் மட்டும் என் மண்ணுல வரப்படாது. ஒரு திரித் துண்டு கெடந்தாலும் சரி, அன்னைக்கே இந்தச் சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டிரணும். பேப்பராவது, ஸ்டாம்ப்பாவது."

"அந்தச் சனியனத் தல முழுகிட்டுத்தான் மொதலாளி இங்க வந்திருக்கேன்" என்று சாவியை வாங்கி இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டாள். கையில் இருந்த காசையும், காதில் கழுத்தில் கிடந்ததையும் போட்டுத்தான் கிழங்கு வாங்கினாள். அந்தச் சாவி போனால் திரும்பப் போவதற்கு அவளுக்கு ஒரே இடம்தான் இருந்தது. அது பலவேசத்தின் வேன்.

தை பிறந்ததும் நிலக்கோட்டையிலிருந்து கிழங்கு வந்தது. நாலாயிரத்துச் சொச்சம். சின்ன வெங்காயத்துக்கும் பெரிய வெங்காயத்துக்கும் நடுவில் ஒரு உருவம். பழுப்புத் தோல், அடியில் தாடி மாதிரி வேர். மண்ணில் வைக்கும் முன்னால் பத்துப் பதினைந்து நாள் நிழலில் காயப் போடவேண்டும். பம்ப்செட் ரூம் அதற்குத் தோதாக இருந்தது. சின்ன ரூம், இரண்டு பக்கமும் கதவு, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லாத காடு. அச்சு அசல் பட்டாசுக் கம்பெனி ரூம் மாதிரியே இருந்தது என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

முருகம்மாள் தரையைக் கூட்டி, ஒரு கல் இல்லாமல் பொறுக்கி, தண்ணீர் தெளித்தாள். கிழங்குகளை ஒன்றோடு ஒன்று முட்டாமல் வரிசை வரிசையாக வைத்தாள். தூக்கும்போது இரண்டு விரலால் தூக்கினாள். வைக்கும்போது, தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி விட்டாள். பன்னிரண்டு டஜனுக்கு ஒரு குரோஸ் என்று எண்ணிக் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டாள். பூக்காரர்கள் யாரும் கிழங்கைக் குரோசில் எண்ணுவது கிடையாது.

அவள் புருசன் சின்னச்சாமி பிரஸ் ஒன்றில் காலண்டர் கட்டு ஏற்றி இறக்குகிறவர். அவரால் உலகத்துக்கு உபகாரம் எதுவும் நடந்ததில்லை, உபத்திரவமும் அதிகமாக நடந்ததில்லை. காய்ந்த கிழங்கைப் போட்டுவைக்கப் பெட்டி வேண்டும் என்று முருகம்மாள் கேட்டதும், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன அன்றைக்கே செய்தார். பழைய பேப்பர் கடையில் பன்னிரண்டு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கம்பெனிகள் கழித்துப்போட்ட பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெண் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வேற பெட்டி கெடைக்கலையா?"

"சிவகாசில வேற என்ன பெட்டி கெடைக்கும்? ஆப்பிள் பெட்டியா கெடைக்கும்?"

அதுவும் நியாயம்தான் என்று அவள் விட்டுவிட்டாள். காய்ந்த கிழங்கைக் கூடையில் அள்ளிப் பெட்டிகளில் கொட்டி, மூலையில் அடுக்கினாள்.

இதையெல்லாம் ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு, ஒண்ணுக்குப் போக ஓடைப்பக்கம் ஒதுங்கிய பலவேசம் பார்த்தான். முதலில் சும்மாதான் பார்த்தான். மதினி என்ன செய்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போவோமே என்று ரூம் பக்கம் வந்தான்.

"ஏலே! செருப்பக் கழத்து! செல்போன வெளிய வச்சிட்டு வா!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

பலவேசம் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே உருண்டையாக வரிசை வரிசையாகக் காய்கிறது. முருகம்மாள் நூல் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். உரசிப் பொறி பறக்கக்கூடாது என்று கம்பெனியில் கழற்றி வைப்பது போலவே கையில் வளையல் இல்லை, காலில் கொலுசு இல்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை வாசலைப் பார்த்து நீட்டியிருக்கிறாள், எழுந்து ஓட வசதியாக. இரண்டு கதவும் ஆவென்று திறந்திருக்கிறது. கதவுக்கு ஒரு மணல் வாளி. மூலையில் பட்டாசுப் பெட்டி.

"என்ன மதினி இது?"

"பூக்கெளங்கு."

"பூக்கெளங்கு" என்று அவனும் சொன்னான். பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு வந்தான். பத்தொன்பது வருசமாகப் பட்டாசுக்காரர்களை ஏற்றி இறக்குகிறவனுக்கு எது வெடி, எது பூ என்று தெரியாதா? அவனுடைய அக்கா வீட்டுக்காரர் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் திருட்டு வெடி சுற்றப் போய், பாதி ஆளாகத் திரும்பி வந்தார். அவன் வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை எடுத்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. எஸ்.ஐ. யோகேஸ்வரி, ஊருக்குப் புதுசு, கடலோரப் பக்கத்துக்காரி, வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. கூட ஒரு கான்ஸ்டபிள். ஜீப்பைப் பார்த்ததும் பெத்தணன் வேட்டியை அவிழ விட்டுக்கொண்டு ஓடிவந்தார். பலவேசம் தற்செயலாக வந்தவன் போல வேப்பமரத்தடியில் நின்றான். சின்னச்சாமிக்கும் சேதி போயிருந்தது. அவர் உடனே கிளம்பினார், எதிர்த் திசையில். அன்றைக்குப் பூராவும் விருதுநகர் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாராம்.

யோகேஸ்வரி ரூமை ஒரு சுற்றுப் பார்த்தாள். தரையில் கொஞ்சம் உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மீதி பெட்டிக்குள்.

"என்னம்மா இது?"

"சம்பங்கிக் கெளங்கும்மா. ஊனப்போறேன்."

"பட்டாசுப் பெட்டில?"

"எம் வீட்டுக்காரரு கொண்டாந்தாரு. பேப்பர் கடையில வாங்குனது."

"சரி. நீ முன்னாடி என்ன வேலை பாத்தே?"

"குண்டுவெடிக்குச் சணல் சுத்துனேன்."

கான்ஸ்டபிள் இருமினான். பெத்தணன் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

யோகேஸ்வரி வாசலில் இருந்த வாளியைக் காலால் தட்டினாள். "கிழங்குக்கு எதுக்கும்மா மணல் வாளி?"

முருகம்மாள் அந்த வாளியைப் பார்த்தாள். அவள்தான் ஓடையிலிருந்து மணல் அள்ளி வந்து நிரப்பி வைத்தாள். எப்போது வைத்தாள், எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வளையல் எங்கே என்று எஸ்.ஐ. கேட்டாள். முருகம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் திட்டில் வளையலும் கொலுசும் மடித்த துணியில் பத்திரமாக இருந்தன. தினமும் காலையில் கழற்றி வைத்திருக்கிறாள். வேலையை விட்டுவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். வேலை அவளை விட்டிருக்கவில்லை. வெடியாய் நினைத்துத்தான் இத்தனை நாளும் கிழங்கைக் கொஞ்சியிருக்கிறாள் என்று அந்த நிமிசத்தில்தான் அவளுக்கே உறைத்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: மாட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் தூக்கித் தொட்டித் தண்ணில போடுங்க" என்றாள் யோகேஸ்வரி. "மூணு நாள் ஊறட்டும். அப்புறம் பிரிச்சுப் பாக்கலாம்."

"அம்மா! மூணு நாளு ஊறுனா அம்புட்டும் அளுகிப்போயிரும்மா! எம் பொளப்பே அதுலதான் கெடக்கு!"

"வெடிச்சா எல்லார் பொழப்பும் போயிரும்."

பெத்தணன் கிணற்று மேட்டிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் முதல் பெட்டியைக் கையில் எடுத்தான். முருகம்மாள் குனிந்தாள், தரையிலிருந்து ஒன்றை எடுத்தாள், தோலோடு வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள்.

வேப்பமரத்தடியிலிருந்து பலவேசம், "ஐயோ மதினி!" என்று அலறிக் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தான். பின்னால் ஊருக்கே கதை சொன்னவன் அவன்தான். அவன் கண்ணால் பார்த்தது இதுவரைக்கும்தான்.

எதுவும் வெடிக்கவில்லை. முருகம்மாள் தூவென்று துப்பினாள். பாதிக் கிழங்கை எஸ்.ஐ.யின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளை, கொழகொழவென்று பால். யோகேஸ்வரி வாங்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிம்மா. பெட்டியை மட்டும் ஒருதடவை கொட்டிப் பாத்துட்டுப் போயிடறோம்" என்றாள். பெத்தணன் வேட்டியை இறுக்கிக் கட்டினார். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

கான்ஸ்டபிள் ஒவ்வொரு பெட்டியாகத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். தரையில் கிழங்கு மலையாகக் குவிந்தது. அவன் பூட்ஸ் காலால் அதை அப்படியும் இப்படியும் கிளறிவிட்டு, "ஒண்ணும் இல்ல மேடம், வெங்காயந்தான்" என்றான். முருகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் கிழங்கை அள்ளிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று கை அள்ளியிருப்பாள்.

நாலாவது தடவை வலது கை அப்படியே நின்றது.

நிறம் அதே பழுப்பு. அளவும் அதே அளவு. மேலே அதே மண் தூசி. ஆனால் அடியில் வேர் இல்லை, நுனியில் நெகிழ்வு இல்லை. விரலுக்குச் சணல் தட்டுப்பட்டது. பச்சைக் காகிதம் ஒட்டாமல், திரி உருவிப்போய், கழிவில் ஒதுக்கின குண்டுவெடி. எந்தக் காலத்திலோ பெட்டியின் அடி மடிப்புக்குள் சிக்கிக் கிடந்தது, கவிழ்த்துத் தட்டியதும் வந்து விழுந்திருக்கிறது. கான்ஸ்டபிளின் பூட்ஸ் ஒரு நிமிசத்துக்கு முன்னால் அதன் மேலேயே போய் வந்திருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. எஸ்.ஐ. ஜீப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். கையை மூடினால் மூடினபடி இருக்கும். சேலை மடிப்பில் போட்டால் போனது போனதுதான். திறந்தால் இடுப்பில் இருக்கிற சாவி போகும், தோட்டம் போகும், காதில் கழுத்தில் இருந்ததைப் போட்டு வாங்கிய கிழங்கு போகும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாய் அவளைக் கேட்கவில்லை.

"வெளிய!"

அது வீட்டுக் குரல் இல்லை, கம்பெனிக் குரல். அந்த ஒரு வார்த்தையை அந்த மாதிரிச் சொன்னால் சிவகாசிப் பக்கத்தில் யாரும் ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். பெத்தணன் அறுபத்தைந்து வயதில் வேலியைத் தாண்டினார். பலவேசம் அப்போதுதான் எழுந்து மண்ணைத் தட்டியவன் மறுபடியும் விழுந்தான். உள்ளூர்க்காரனான கான்ஸ்டபிளைக் காணவே இல்லை. நின்றது வெளியூர்க்காரியான யோகேஸ்வரி மட்டும்தான்.

"என்னாச்சும்மா?"

"கெளங்குக்குள்ள ஒண்ணு நெசம் கெடக்கு. பழசு. எங் கையில இருக்கு. ஓடாதீக, கெளங்க மிதிக்காதீக. மெள்ளத் திரும்பி நடங்க."

யோகேஸ்வரி நடந்தாள். முருகம்மாள் எழுந்து, கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தொட்டிவரைக்கும் இருபது அடி நடந்தாள். முழங்கை முங்குகிற வரைக்கும் தண்ணீருக்குள் இறக்கினாள். கையை விரித்து உள்ளே விட்டுவிட்டு ஒதுங்க வேண்டியதுதான் பாக்கி. விரல் விரியவில்லை. முப்பது வருசமாக எத்தனையோ ஆயிரம் உருண்டைகளைப் பிடித்து விட்ட விரல், இந்த ஒன்றை விடமாட்டேன் என்று இறுகிக்கொண்டது. குனிந்தபடியே நின்றாள். தண்ணீருக்குள் சணல் ஊறி, பசை கரைந்து, உருண்டை கஞ்சிமாவாகி விரல் இடுக்கில் வழிகிறவரைக்கும் நின்றாள். அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரமும் அந்தக் காட்டில் ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை என்று யோகேஸ்வரி பின்னால் சொன்னாள்.

கையை வெளியே எடுத்ததும் முருகம்மாள் முதலில் செய்த காரியம், இடது கையால் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெத்தணனைப் பார்த்து நடந்தாள்.

"மொதலாளி, வாக்குப் பெசகிப்போச்சு. சாவிய வாங்கிக்கிருங்க."

"கிட்ட வராத! அங்கனயே நில்லு!" என்று பெத்தணன் இன்னும் நாலு எட்டுப் பின்னால் போனார்.

"நீங்கதான சொன்னீக, ஒரு திரித் துண்டு கெடந்தாலும்..."

"சொன்னேன், சொன்னேன். இப்ப அதுக்கு என்னங்குற? அங்க மல மாதிரி குமிஞ்சு கெடக்கே, அதுல இன்னும் எத்தன கெடக்குன்னு எனக்குத் தெரியுமா? இந்தப் போலீசுக்குத் தெரியுமா? பூட்சு போட்டு மிதிச்சவனுக்கே தெரியல! நீ பாட்டுக்குச் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டா, எது கெளங்கு எது வெடின்னு நான் கடிச்சா பாப்பேன்?" பெத்தணனுக்கு மூச்சு வாங்கியது. "சாவிய இடுப்புல முடி. போ, ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாரு. ஒண்ணு விடாம. நீ பாத்து முடிக்காம நான் இந்த வேலிக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

இப்படித்தான் தோட்டம் அவளிடம் தங்கியது.

யோகேஸ்வரி பெட்டிகளை எல்லாம் ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். பேப்பர் கடைக்காரரின் விலாசத்தை எழுதிக்கொண்டாள், முருகம்மாளிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டு முடிந்ததும், தணிந்த குரலில் கேட்டாள்: "ஏம்மா, மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னே?"

முருகம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "நாளைக்கு அங்கன மம்பட்டி போடப்போறது யாரும்மா? நான்தான?"

இரண்டு நாள் தொட்டுப் பார்த்தாள், நாலாயிரத்துச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாக. வேறு எதுவும் அகப்படவில்லை. பெத்தணன் ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நாழிக்கு ஒருதடவை, "என்ன, ஒண்ணும் இல்லையே?" என்று கத்தினார். அவளுக்குக் கேட்கிற காதைத் திருப்பிக்கொள்ளாததால் பாதிக்குப் பதில் வரவில்லை. பதில் வராத ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார். சாயங்காலம் பார்த்தால் டீக்கடை வாசலில் இருந்தார்.

இரண்டாம் நாள் பலவேசம் வந்தான். செருப்பைக் கழற்றினான், போனை வெளியே வைத்தான்.

"மதினி, போன் பண்ணது நான்தான்."

"தெரியும்லே. என்னைய அப்பிடிப் பாத்தா நானே பண்ணியிருப்பேன்."

தை கடைசியில் கிழங்கெல்லாம் மண்ணுக்குள் போனது. மாசியில் புல் மாதிரித் தலை காட்டியது. சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து முதல் தண்டு எழும்பி, நுனியில் வெள்ளை விட்டது. அன்று காலை முருகம்மாள் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். ஒவ்வொரு மொட்டாக விரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் கையில் வளையல் கிடந்தது. கண்ணாடி வளையல்தான், ஆனாலும் கிடந்தது. கால் மட்டும் இன்னும் வரப்பைப் பார்த்துத்தான் நீட்டியிருந்தது.

அம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கு முதல் கூடைப் பூவைச் சொர்ணலட்சுமியின் கடைக்குக் கொண்டுபோனாள். அதற்குள் பலவேசத்தின் கதை அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. பூ வாங்க வந்த கூட்டம் பூவை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தது. சொர்ணலட்சுமி நாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "மதினி, போலீசுக்கு முன்னால வெடியக் கடிச்சு முழுங்குனீகளாமே? என்ன தைரியம் ஒங்களுக்கு!"

முருகம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏத்தா, நல்லாக் கேட்டுக்க. நான் கடிச்சது கெளங்கு. அதையும் துப்பிட்டேன், ரெண்டு நாளு நாக்குத் தடிச்சுக் கெடந்துச்சு. வெடிய யாரும் திங்கல. கையில புடிச்சிருந்தேன், அம்புட்டுத்தான். தைரியமாம்ல தைரியம்! பயத்துல நின்ன எடத்துலயே சேலையோட ஒண்ணுக்குப் போயிட்டேன். ஊருக்குச் சொல்லணும்னா அதச் சொல்லு."